நிறமும் உடைமையும்: ஒரு வழக்கின் வரலாறு

நிலம் உடைமையான வரலாறு நாம் நன்கறிந்தது. நீரும் காடும் உடைமையான வரலாற்றையும் ஓரளவுக்கு அறிவோம். நிறம் உடைமையாதல் கூடுமோ என்ற வினா, கேட்ட மாத்திரத்தில் நகைப்புக்கிடமாகத் தோன்றக்கூடும். செவ்வானத்துக்கும் மாந்தளிருக்கும் வாடகை கேட்பார் எவரும் இலர். ஆயினும் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினா வெவ்வேறு வடிவங்களில் நீதிமன்றங்களின் முன் வந்துகொண்டேயிருக்கிறது. 2014ஆம் ஆண்டு யூலை 11ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டிச் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. கமராவிலும் கணினித் திரையிலும் அச்சியந்திரத்திலும் ஒரே நிறம் தோன்றுமாறு திருத்தஞ் செய்யும் மென்பொருள் பற்றிய வழக்கு அது. சட்ட அறிஞர் சிலரைத் தவிர வேறெவரும் அதனைப் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் இன்று கோடிக்கணக்கான மக்கள் உலகை நோக்குவது திரையினூடாகவே என்பதை மனங்கொண்டால், அத்திரையிற் தோன்றும் நிறத்துக்கு உரியவர் யார் என்பது சட்ட அறிஞருக்கு மட்டும் விட்டுவிடத்தக்க விடயமன்று என்பது புலனாகும்.

பேட்டன்ற் என வழங்கும் ஆக்கவுரிமையின் அடிப்படை எளிமையானது. புதியதொன்றைக் கண்டவன் அதன் இரகசியத்தை மறைக்காது உலகறிய வெளியிடுகிறான்; அதற்குக் கைம்மாறாக, குறித்ததொரு காலத்துக்கு அதனை ஆக்கவும் விற்கவும் அரசு அவனுக்குத் தனியுரிமை வழங்குகிறது. காலம் முடிந்ததும் அது பொதுச்சொத்தாகிறது. கொள்கையளவில் இது கண்டுபிடிப்பாளனுக்கும் சமுதாயத்துக்கும் இடையிலான நியாயமான உடன்படிக்கையே. நடைமுறையில், கண்டவன் ஒருவனாகவும் பயன் கொள்பவன் வேறொருவனாகவும் இருப்பதே பெருவழக்கு. எதன்மீது வேலியிடலாம், எதன்மீது இடலாகாது என்ற எல்லைதான் எக்காலத்தும் சச்சரவுக்குரியதாக இருந்துவந்துள்ளது. நிறத்தின் கதையில் இவ்வெல்லை எவ்வாறு நகர்ந்தது என்பதை அறிய நாம் முதலில் பிரான்சு தேசத்துப் பட்டு நகரமான லியோனுக்குச் செல்லவேண்டும்.

1856இல் இலண்டனிற் பதினெட்டு வயது மாணவனாயிருந்த வில்லியம் பேர்க்கின், கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று தோற்று, அத்தோல்வியிலிருந்து ஊதாநிறச் சாயமொன்றைப் பெற்றான். அதுவரை வேரிலிருந்தும் இலையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் பெறப்பட்ட சாயம், இனி நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படலாயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1859இல், இமானுவேல் வெர்கன் என்ற பிரெஞ்சு இரசாயனி, அனிலீனோடு வெள்ளீய உப்பொன்றைச் சேர்த்துக் காய்ச்சி, கண்ணைப் பறிக்கும் செந்நிறச் சாயமொன்றை ஆக்கி, அதன் உரிமையை லியோனில் ரெனார் சகோதரர் என்ற சாய வணிகருக்கு விற்றுவிட்டார். அவர்கள் அதற்குப் புக்சீன் எனப் பெயரிட்டனர். பிரெஞ்சு மொழியில் ரெனார் என்றால் நரி. ஜேர்மன் மொழியில் நரி புக்ஸ் எனப்படும். பெயர் அந்நரியிலிருந்து வந்ததா, புக்சியா மலரிலிருந்து வந்ததா என்று இன்னும் வாதிடுவாருளர். அதே ஆண்டு யூன் மாதத்தில் இத்தாலியில் மஜெந்தா என்னுமிடத்தில் நடந்த போரின் பெயரை ஆங்கிலேயர் அச்சாயத்துக்குச் சூட்டினர். அச்சியந்திரத்தின் மூன்று அடிப்படை மைகளுள் ஒன்றுக்கு இன்றும் அப்போர்க்களத்தின் பெயரே வழங்குகிறது.

புக்சீன் நல்ல விலைக்குப் போகவே, வேறு இரசாயனிகள் வேறு பொருள்களைக் கொண்டு வேறு முறைகளால் அதே சாயத்தை ஆக்கினர். மூலூஸ் நகரத்து ஜெர்பர் கெல்லர் அவர்களுள் ஒருவர். ரெனார் சகோதரர் வழக்குத் தொடுத்தனர். 1860களின் முற்பகுதியில் பிரெஞ்சு நீதிமன்றங்கள் அளித்த முடிவு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. எம்முறையால் ஆக்கினும் ஆக்கப்பட்ட பொருள் புக்சீனாயின் அது ரெனார் சகோதரருக்கே உரியது என நீதிபதிகள் கூறினர். அதாவது, உரிமை செய்முறையின்மீது நில்லாது விளைபொருளின்மீதே, ஏறத்தாழ அந்நிறத்தின்மீதே, ஏறிக்கொண்டது. இதனைவிடச் சிறந்த, மலிவான முறையை நாளை ஒருவன் கண்டாலும் பிரான்சில் அதற்குப் பயனில்லை என்றாயிற்று.

விளைவு யாது? இரசாயனிகள் மூட்டை முடிச்சுகளுடன் எல்லையைக் கடந்தனர். அக்காலத்துச் சுவிற்சர்லாந்தில் தேசிய ஆக்கவுரிமைச் சட்டம் எதுவும் இருக்கவில்லை; 1888இலேயே அங்கு அத்தகைய சட்டம் முதலில் வந்தது; இரசாயனச் செய்முறைகள் அதனுள் அடங்கியது 1907இல். ஜெர்பர் கெல்லரும் பாசல் நகருக்குச் சென்றார். அவருக்கு முன்னரே, 1859இலேயே, அலெக்சாண்டர் கிளாவெல் என்ற பட்டுச் சாயக்காரர் அங்கு புக்சீனை ஆக்கத் தொடங்கியிருந்தார். அவரது ஆலையே பிற்காலத்தில் சீபா என்ற மாபெரும் இரசாயன நிறுவனமாக வளர்ந்தது. லியோனில் கிரெடி லியோனே வங்கியின் பணத்துடன் 1863இல் தோன்றிய லா புக்சீன் என்ற ஏகபோகக் கம்பனியோ ஐந்தாண்டுகளில், 1868இல், மூழ்கிப்போயிற்று.

இதனைக் கொண்டு பாசலைச் சுவர்க்கம் என்று கருதிவிடலாகாது. 1860களில் அங்கிருந்த புக்சீன் ஆலையொன்றின் ஆசனிக்குக் கழிவு அயலவரின் கிணற்று நீரிற் கலந்து அவர்களை நோயில் வீழ்த்திய செய்தியும் அதே வரலாற்றின் ஒரு பகுதியே. வேலியில்லாத இடத்தில் முதலாளி சுதந்திரமாக இருந்தான். கிணற்று நீர் குடித்தவன் அவ்வாறிருக்கவில்லை. இங்கிலாந்திலோ அதே சாயத்தின்மீதான ஆக்கவுரிமை, விண்ணப்ப வாசகத்தின் குறையொன்றினால், 1860களின் நடுப்பகுதியில் பிரபுக்கள் சபையில் வீழ்ந்தது. வாசகத்தின் குறை என்ற இவ்விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. நூற்றைம்பது ஆண்டுகளின் பின் அது மீண்டும் வரப்போகிறது.

சாயத்தின் காலத்தில் நிறம் ஒரு பண்டமாக இருந்தது. நிறுக்கலாம், பீப்பாவில் அடைக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் நிறம் எண்ணாக மாறியது. இம்மாற்றத்தை விளக்காமல் நமது வழக்கை விளக்கவியலாது.

1920களின் இறுதியில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் டபிள்யூ. டி. றைற் என்ற இளம் ஆய்வாளர் பத்துப் பேரை ஒருவர்பின் ஒருவராக ஒரு கருவியின் முன் அமர்த்தினார். கருவியின் ஒரு பாதியில் ஒரு தனி நிற ஒளி. மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. இரு பாதிகளும் ஒன்றுபோலத் தோன்றும்வரை மூன்றையும் கூட்டியும் குறைத்தும் பார்க்கவேண்டும். பின்பு அளவுகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். அரசாங்க நிறுவனமான தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ஜோன் கில்ட் என்பவர் ஏழு பேரைக் கொண்டு அதே வேலையைத் தனியே செய்தார். இரு ஆய்வுகளின் பெறுபேறுகளும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தன. 1931 செப்டெம்பரில் கேம்பிரிட்ஜில் கூடிய சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு அவற்றை அடிப்படையாகக் கொண்டு நியம நோக்குநர் என்றொரு சராசரிக் கண்ணை வகுத்து, மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒவ்வொரு நிறத்தையும் மூன்று எண்களாற் குறிக்கும் அட்டவணையை வெளியிட்டது.

பதினேழு பேரின் கண்கள்! இன்று நமது கையிலுள்ள தொலைபேசியின் திரை முதல் பத்திரிகையின் அட்டைப்படம் வரை நிறத்தை எண்ணாற் கையாளும் தொழில் அனைத்தும் அப்பதினேழு பேரின் பொறுமையின்மீதே எழுந்து நிற்கிறது. அந்த அட்டவணை எவருடைய உடைமையும் அன்று. எவரும் எடுத்தாளலாம், எடுத்தாண்டனர், அதன்மீது கட்டினர்.

பதினேழு பேரும் இலண்டன் ஆய்வுகூடங்களுக்கு வாய்த்தவர்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும். சராசரி என்பது யாருடைய சராசரி என்ற வினா விஞ்ஞானத்துக்கு வெளியே உள்ளதன்று. பல்லாண்டுகளாகப் புகைப்படச்சாலைகளில் நிறத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடாக் கம்பனி அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவள் வெண்ணிற மாது ஒருத்தியே. அவளது தோல் இயல்பாகத் தோன்றினால் நிறம் சரி என்பது விதி. கருந்தோலுடையோர் அப்புகைப்படங்களில் இருளாகித் தம் முகக்குறிகளை இழந்துபோயினர். இங்கே உடைமை வேலி எதுவும் இல்லை. எனினும் விலக்கு உண்டு.

இனி கணினித் திரைக்கு வருவோம். திரை என்பது நுண்ணிய சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் வயல். ஒவ்வொரு புள்ளிக்கும் எத்துணை ஒளி என்பதை எண்ணொன்று கூறும். பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள எண். ஆனால் அதே எண்ணை இரு திரைகளுக்குக் கொடுத்தால் இரு வேறு நிறங்கள் தோன்றும். ஒன்றின் வெண்மை நீலம் பாரித்திருக்கும். மற்றதன் வெண்மை மஞ்சளோடியிருக்கும். கமராவின் கண் ஒருவிதம், அச்சியந்திரத்தின் மை இன்னொருவிதம். திரையின் முன் இருப்பவரின் விருப்பமும் வேறுபடும்: முதியவரொருவர் மாறுபாடு மிகுந்த திரையை வேண்டுவார், இரவில் வேலை செய்பவர் செம்மை படர்ந்த மங்கலான திரையை வேண்டுவார், அச்சகத்தில் இருப்பவரோ தாளில் விழப்போகும் நிறத்தையே திரையிலும் காணவேண்டும் என்பார். இவற்றுக்கெல்லாம் தீர்வு ஒன்றே. ஒவ்வொரு சாதனமும் நிறத்தை எவ்வாறு திரிக்கிறது என்பதை அளந்து ஓர் அட்டவணையாக எழுதிவைத்தால், மென்பொருள் அவ்வட்டவணையை நோக்கி எண்களை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளும். அச்சட்டவணையைத் தொழிலில் உள்ளோர் புரொஃபைல் என்பர். நாம் இயல்புக்குறிப்பு என்று கொள்வோம். திரிபை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அது 1931ஆம் ஆண்டின் அட்டவணையும் அதன் வழிவந்தவையுமே.

1993இல் அடோபி, அக்ஃபா, அப்பிள், கொடாக், மைக்ரோசொப்ட், சிலிக்கன் கிராபிக்ஸ், சன், டாலிஜென்ற் ஆகிய எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை நிறுவி, இயல்புக்குறிப்பு எவ்வடிவில் எழுதப்படவேண்டும் என்பதற்குப் பொது விதியொன்றை வகுத்து வெளியிட்டன. பரோபகாரம் அவற்றை ஒன்றுசேர்க்கவில்லை. ஒருவரின் கமராவும் மற்றவரின் அச்சியந்திரமும் இணங்காவிடில் இரண்டுமே விலைபோகா என்ற வணிக உண்மையே அவற்றை ஒன்றுசேர்த்தது. நோக்கம் எதுவாயினும் பொதுவெளி சற்று அகன்றது.

போலரொயிட் கம்பனி இக்கதையில் நுழைவது இதன் பின்னர்தான். எட்வின் லாண்ட் என்ற மேதை 1937இல் நிறுவிய கம்பனி அது. ஒரே நிமிடத்திற் படத்தைக் கையில் தரும் கமராவை அது 1948இற் சந்தைக்குக் கொணர்ந்தது. ஆக்கவுரிமை என்னும் ஆயுதத்தை அதனைப்போற் திறமையாகக் கையாண்ட நிறுவனங்கள் சிலவே. உடனடிப் படக் கமராவைக் கொடாக்கும் செய்யத் தொடங்கியபோது 1976இல் வழக்குத் தொடுத்தது, 1985இல் வென்றது, 1986இல் கொடாக் அச்சந்தையைவிட்டு முற்றாக வெளியேற நேர்ந்தது, 1991இல் 92.5 கோடி டொலர் நட்டஈடு பெற்றது. கொடாக்கின் கமராக்களை விலைகொடுத்து வாங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கைகளில், படச்சுருள் கிடையாத வெறும் பெட்டிகள் எஞ்சின. அவர்கள் அவ்வழக்கில் கட்சிக்காரர் அல்லர்.

அதே கம்பனியின் இன்னொரு முகத்தையும் கூறாது விடலாகாது. 1970இல் அங்கு வேலை செய்த கரோலின் ஹன்டர் என்ற இளம் இரசாயனியும் கென் வில்லியம்ஸ் என்ற புகைப்படக்காரரும், தம் கம்பனியின் உடனடிப் படங்கள் தென்னாபிரிக்க நிறவெறி அரசின் அடையாளப் பத்திரங்களுக்குப் பயன்படுவதைக் கண்டு கிளர்ச்சி செய்தனர். கறுப்பின மக்கள் தம் சொந்த நாட்டில் நடமாடுவதற்கே சுமந்துதிரியவேண்டியிருந்த கடவுப் புத்தகங்கள் அவை. இருவரும் வேலையிழந்தனர். 1977இல் கம்பனி தென்னாபிரிக்காவைவிட்டு விலகிற்று. நிறத்தைப் பதிவுசெய்யும் தொழிலில் எந்நிறத்தை எவர் பொருட்டுப் பதிவுசெய்வது என்ற வினாவை முதலில் எழுப்பியவர்கள் ஆய்வுகூடத் தலைவர்கள் அல்லர், அத்தொழிலாளர்களே.

1990களில் இலக்கப் புகைப்படம் எழுச்சியுற, போலரொயிட் தளரத் தொடங்கியது. அக்காலத்தில் அதன் பொறியியலாளர் சிலர், நிறத்தை மட்டும் கூறிவந்த இயல்புக்குறிப்பில், படத்தின் கூர்மை, மணிப்பு முதலிய இடவியல்புகளையும் சேர்த்து எழுதும் வழியொன்றை வகுத்தனர். பயனுள்ள சேர்க்கைதான், அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் 6,128,415 என்ற இலக்கத்துடன் அதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டு ஒக்டோபரில் கம்பனி வங்குரோத்தாயிற்று. 1988 முதல் தம் சம்பளத்தில் 8 சதவீதத்தை விட்டுக்கொடுத்துத் தொழிலாளர் சேர்த்த பங்குகள் ஏறத்தாழப் பெறுமதியற்ற காகிதமாயின. ஓய்வுபெற்றோர் மருத்துவக் காப்புறுதியை இழந்தனர். ஆக்கவுரிமைப் பத்திரமோ இன்னொருவகைக் காகிதம். அதன் பெறுமதி அழியவில்லை. அது பின்னர் டிஜிடெக் இமேஜ் டெக்னொலொஜீஸ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அக்கேசியா றிசேர்ச் கோர்ப்பரேசனின் துணை நிறுவனம் அது. கமராவோ திரையோ மென்பொருளோ அது செய்யவில்லை. ஆக்கவுரிமைகளைச் சேர்ப்பதும், அவற்றைக் காட்டி அனுமதிக் கட்டணம் கோருவதும், மறுப்போர்மீது வழக்கிடுவதுமே தாய்க் கம்பனியின் தொழில்.

அமெரிக்கச் சட்டம் இதற்கு இடமளித்ததெங்ஙனம் என்பதற்கு ஒரு நீண்ட கதையுண்டு. சுருங்கக் கூறுவோம். 1972இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், எண்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றும் கணித விதிக்கு ஆக்கவுரிமை இல்லையென மறுத்தது. 1981இல், இறப்பரை வார்க்கும் செய்முறையொன்று கணினியின் உதவியோடு நடைபெறுவதாயினும் அதற்கு உரிமை உண்டு என்றது. அச்சிறு கதவு மெல்லமெல்ல அகன்று, 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிதிக் கணக்கீட்டு முறையொன்றை ஏற்றபோது முழுதாகத் திறந்துவிட்டது. ஐரோப்பியப் பாராளுமன்றமோ 2005 யூலை 6ஆம் திகதி மென்பொருள் ஆக்கவுரிமை நெறிமுறையை 648க்கு 14 என்ற வாக்குகளால் நிராகரித்தது.

திரை நிறம் பற்றிய முந்தியதொரு உதாரணம் இக்காலத்தின் இயல்பை நன்கு காட்டும். 1980இல் வழங்கப்பட்டு, காட்டிராக் என்ற நிறுவனத்தின் கையிலிருந்த ஆக்கவுரிமை ஒன்று, திரையில் நகரும் சுட்டியை வரையும் முறை பற்றியது. சுட்டி நிற்குமிடத்திலுள்ள புள்ளிகளின் எண்ணைத் தலைகீழாக்கினால் சுட்டி தெளிவாகத் தெரியும். மீண்டும் ஒருமுறை தலைகீழாக்கினால் பழைய நிறம் அப்படியே திரும்பிவிடும். நிரல் எழுதப் பயிலும் மாணவனொருவன் தன் மேசையிலிருந்தே சில நிமிடங்களிற் கண்டறியக்கூடிய உபாயம் இது. அதற்காகவும் கணினிக் கம்பனிகள் பணம் கட்டின. 1989இல் உருவான நிரலாக்கச் சுதந்திரக் கழகத்தார் மென்பொருள் ஆக்கவுரிமையை எதிர்த்தெழுதியபோது இதனை எடுத்துக்காட்டாகக் காட்டியது வியப்பன்று.

2012இல் டிஜிடெக் கலிபோர்ணியாவின் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குகளைத் தொடுத்தது. எலெக்ரோனிக்ஸ் ஃபோர் இமேஜிங், செரொக்ஸ், பியூஜிஃபிலிம் முதலிய பல நிறுவனங்கள் பிரதிவாதிகளாயின. செய்தவர்கள் மட்டுமன்றி, செய்தவற்றை வாங்கி விற்ற கடைக்காரரும் அப்பட்டியலில் இருந்தனர். இத்தகைய வழக்குகளின் பொறிமுறையை இங்கு கவனிக்கவேண்டும். வழக்கை இறுதிவரை நடத்தும் செலவு, கேட்கப்படும் அனுமதிக் கட்டணத்தைவிட மிகுதியாக இருக்கும். ஆகவே குற்றமற்றவனும் பணத்தைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது இலாபமென்று கருதுவான். வழக்கிடுபவன் எதையும் செய்யாதவனாகையால் அவன்மீது எதிர்வழக்கிடவும் வழியில்லை. நீதி எது என்பது இங்கு இரண்டாவது கேள்வி. முதலாவது கேள்வி சட்டத்தரணியின் கட்டணம்.

2013 யூலை இறுதியில் மாவட்ட நீதிபதி ஒற்றிஸ் றைற் அந்த ஆக்கவுரிமை செல்லாது என்று முடிவுசெய்தார். நிற அட்டவணைக்கு அடிகோலிய றைற்றுக்கும் இவருக்கும் உள்ளது பெயரொற்றுமை மட்டுமே. டிஜிடெக் மேன்முறையீடு செய்தது. 2014 யூலை 11ஆம் திகதித் தீர்ப்பை நீதிபதி றெய்னா எழுதினார்.

தீர்ப்பு இரு பகுதிகளைக் கொண்டது. அமெரிக்கச் சட்டத்தின்படி ஆக்கவுரிமைக்குத் தகுதியுடையவை நான்கே: செய்முறை, இயந்திரம், உற்பத்திப்பொருள், பொருட்சேர்க்கை. டிஜிடெக் உரிமை கோரிய இயல்புக்குறிப்பு இந்நான்கினுள் எதில் அடங்கும்? செய்முறையென்று அந்நிறுவனமே வாதிடவில்லை. எஞ்சிய மூன்றுக்கும் கையாற் தொடத்தக்க பௌதிக வடிவம் வேண்டும். இயல்புக்குறிப்பு உருவப்படச் செயலாக்கத் தொகுதியொன்றின் அங்கமென்றும், ஆகவே வன்பொருளோடு பிணைந்ததென்றும் டிஜிடெக் வாதிட்டது. நீதிமன்றம் விண்ணப்ப வாசகத்தை விரித்து வாசித்தது. அங்கே இயந்திரமும் இல்லை, நினைவகமும் இல்லை. நிறத்தை விபரிக்கும் தரவுத் தொகுதி ஒன்று, இடவியல்பை விபரிக்கும் தரவுத் தொகுதி இன்னொன்று, அவ்வளவே. உருவமற்ற தகவலுக்கு ஆக்கவுரிமை இல்லை என்பது முடிவு.

இரண்டாவது பகுதி, அவ்வியல்புக்குறிப்பை ஆக்கும் வழி பற்றியது. வழியென்பதால் செய்முறை என்ற வகையில் அது அடங்கும். ஆனால் தகவலை எடுத்து, கணிதத் தொடர்புகளால் ஒழுங்குபடுத்தி, இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதன்றி வேறெதுவும் அதில் இல்லையென நீதிமன்றம் கண்டது. இத்தகைய அருவமான எண்ணத்துக்கு உரிமை கிடையாது. இம்முடிவுக்கு அது ஆதாரங் காட்டியது, மூன்று வாரங்களுக்கு முன், யூன் 19ஆம் திகதி, அமெரிக்க உயர்நீதிமன்றம் அலிஸ் கோர்ப்பரேசன் வழக்கில் ஏகமனதாக வழங்கியிருந்த தீர்ப்பையாகும். அருவமான எண்ணமொன்றைச் சாதாரணக் கணினியொன்றிற் செய் என்று கூறிவிடுவதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்பது அலிஸ் தீர்ப்பின் சாரம்.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். டிஜிடெக் தீர்ப்பை மட்டும் நோக்கினால், விண்ணப்பம் எழுதிய சட்டத்தரணி, நினைவகத்திற் சேமிக்கப்பட்ட என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால் வேலி நின்றிருக்கும் என்று எண்ணத் தோன்றும். பிரபுக்கள் சபையில் புக்சீன் வாசகம் வீழ்ந்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை என்றாகிவிடும். ஆனால் அலிஸ் தீர்ப்பு அந்த வழியையும் குறுக்கியது. இயந்திரம் இல்லையென்றால் பொருளில்லை. இயந்திரத்தின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. பிரெஞ்சு நீதிபதிகள் நிறம் பொருளாகையால் அது முழுவதும் ஒருவனுக்குரியது என்றனர். அமெரிக்க நீதிபதிகள் நிறத்தை விபரிக்கும் எண் பொருளே அன்றாகையால் எவனுக்கும் உரியதன்று என்றனர். பதினேழு பேரின் கண்களால் அளக்கப்பட்டு உலகுக்கு வழங்கப்பட்ட அட்டவணையின்மீது கட்டப்பட்ட இன்னொரு அட்டவணையும் ஈற்றில் பொதுவெளிக்கே திரும்பிற்று. இம்முடிவு நியாயமானது என்பதே எமது துணிபு.

ஆயினும் இதனை மக்களின் வெற்றியென்று கொண்டாடுவது மிகையாகும். வழக்கை இறுதிவரை நடத்தி வென்றவை பெரும் நிறுவனங்கள். இடைவழியிற் பணம் கொடுத்து ஒதுங்கும் சிறியோருக்கு, ஆக்கவுரிமை பின்னர் வீழ்ந்தாலும், கொடுத்த பணம் மீள்வது வழக்கமன்று. அலிஸ் தீர்ப்பின் அளவுகோல் தெளிவற்றதென்று அதன்பின் நீதிபதிகளே முறையிட்டனர். ஒரே தன்மைத்தான இரு மென்பொருள்களுள் ஒன்று தப்புவதும் மற்றது வீழ்வதும் நிகழ்ந்தன. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, திரையின்மீது அதிகாரம் செலுத்த ஆக்கவுரிமை இன்றியமையாததன்று என்பதாகும். பெரும் நிறுவனங்களுக்கு வேறு வழியுண்டு. அதற்கும் நிறத்தின் வரலாற்றிலேயே உதாரணமிருக்கிறது.

இரவில் திரையின் நீல ஒளியைக் குறைத்து, விளக்கொளிபோன்ற செம்மஞ்சள் நிறத்துக்குத் திரையை மாற்றித் தரும் எஃப்.லக்ஸ் என்ற மென்பொருளை 2009இல் அமெரிக்கத் தம்பதியர் ஒருவர் வெளியிட்டு இலவசமாக வழங்கினர். பயனரின் ஊரையும் நேரத்தையும் விருப்பத்தையும் கொண்டு அது நிறத்தைத் திருத்தியது. பலர் அதனைக் கணினியில் விரும்பிப் பயன்படுத்தினர். அப்பிள் தொலைபேசியிலோ, திரையின் நிறத்தை மாற்றும் வாயில் வெளியாருக்கு அடைக்கப்பட்டிருந்தது. 2015 நவம்பரில், அக்கம்பனியின் கடையை நாடாமல் பயனர் தாமே தம் தொலைபேசியில் நிறுவிக்கொள்ளக்கூடியதாக எஃப்.லக்ஸ் ஒரு பதிப்பை வெளியிட்டது. தனது உடன்படிக்கைக்கு அது முரணானது என அப்பிள் அறிவித்தது, மறுநாளே எஃப்.லக்ஸ் அதனை விலக்கிக்கொண்டது. வழக்கில்லை, நீதிபதியில்லை, ஆக்கவுரிமைப் பத்திரத்தின் இலக்கமும் இல்லை. 2016 சனவரியில் அப்பிள் அதே பணியைச் செய்யும் தனது சொந்த வசதியை அறிவித்தது. அவ்வாயிலைத் தமக்கும் திறக்குமாறு எஃப்.லக்ஸ் பகிரங்கமாக வேண்டிக்கொண்டது. மார்ச் 21ஆம் திகதி அப்பிளின் வசதி இரவு மாற்றம் என்ற பொருளுடைய பெயருடன் கோடிக்கணக்கான தொலைபேசிகளுக்குச் சென்றது, வாயில் திறக்கப்படவில்லை.